தலைக்கனம் பிடித்த க்வார்ட்டர்பேக்: வைத்துக்கொள்வதா, வாரிசு தேடுவதா, விற்றுவிடுவதா?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பிளே, அதாவது பந்தை எடுத்து ஆடும் ஒரு முயற்சி, முடிந்தால் அடுத்ததைத் தொடங்க 40 நொடி கிடைக்கும். தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர் க்வார்ட்டர்பேக். அவருடைய ஹெல்மெட்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் பயிற்சியாளர் பிளேயின் பெயரைச் சொல்வார். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதன்பிறகு களத்தில் எல்லாம் க்வார்ட்டர்பேக்தான். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து பிளேயை மாற்றுவதா வேண்டாமா, முன்வரிசை ஆட்கள் யார் யாரை மறிப்பது, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் எந்தப் பக்கம் ஓடுவது என்று பத்துப் பேருக்கும் கூவிச் சொல்ல வேண்டும். மூன்று நொடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் 130 கிலோ ஆள் மேலே விழுவான்.

கூச்ச சுபாவம் உள்ளவர் இந்த வேலைக்கு வரமாட்டார், வந்தாலும் நிலைக்கமாட்டார். ஆகவே, தலைக்கனம் பிடித்தவரால் தலைமை தாங்க முடியுமா என்றால் முடியும், பலர் தாங்கியிருக்கிறார்கள். 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பௌலுக்கு (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) முன் நியூயார்க் ஜெட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்பதுதான் பந்தயக்காரர்களின் கணக்கு. ஜெட்ஸின் க்வார்ட்டர்பேக் ஜோ நேமத் நாங்கள்தான் ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன் என்று பொதுமேடையில் சொன்னார். 16-7 என்று ஜெயித்தும் காட்டினார். தோற்றிருந்தால் அதே வாக்கியத்துக்குத் திமிர் என்று பெயர் வந்திருக்கும்.

ஆனால் அணியின் பொது மேலாளர் முடிவெடுக்க இந்தப் பதில் போதாது. எந்த வகைத் தலைக்கனம், என்ன விலைக்கு, எத்தனை வருடத்துக்கு, கடிவாளம் யார் கையில் என்ற நான்கையும் சேர்த்துத்தான் அவர் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது என்பது எங்கள் கருத்து.

முதலில் ஆளைப் படிப்பது

பந்து தனக்கே வேண்டும், கடைசி இரண்டு நிமிடம் தன்னிடமே வர வேண்டும் என்று நினைப்பது ஒரு வகை. அதில் கெடுதல் இல்லை. தவறு எப்போதும் அடுத்தவனுடையது என்பது இன்னொரு வகை. அது அணிக்குள் தகவல் ஓடும் பாதையையே அடைத்துவிடும். ஒரு பந்து எதிரணியிடம் பிடிபட்டால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். க்வார்ட்டர்பேக் தடுப்பு அமைப்பைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது ரிசீவர் தவறான இடத்தில் திரும்பியிருக்கலாம். பல பிளேக்களில் ரிசீவரும் ஓடிக்கொண்டே எதிரணியைப் படித்துத் தன் பாதையை மாற்ற வேண்டும் என்பதால், யார் தவறு என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. திங்கள்கிழமை காணொளி பார்க்கும் அறையில் அதை நேர்மையாகச் சொல்லக்கூடியவர் க்வார்ட்டர்பேக் ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால் பயிற்சியாளர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க நேர்காணலைவிடக் காணொளி உதவும். பயிற்சியாளர்கள் பார்க்கும் 22 பேரும் தெரியும் படம் பிளே முடிந்ததும் வெட்டப்பட்டிருக்கும். தொலைக்காட்சிப் பதிவை எடுத்து, பிடிபட்ட ஒவ்வொரு பந்துக்கும் பிந்தைய பத்து நொடியைப் பார்க்க வேண்டும். கையை விரித்து ரிசீவரை முறைக்கிறாரா, ஓடிப்போய் எதிராளியை மடக்க முயல்கிறாரா? ஓரத்துக்கு வந்தபின் யார் பக்கத்தில் உட்கார்கிறார்? முன்வரிசை ஐவரும் அவர் விழுந்தால் தூக்கிவிட எவ்வளவு வேகமாக வருகிறார்கள்? ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. தோற்ற ஆட்டம் குறைந்தது ஆறு வேண்டும்.

இரண்டாவது சோதனை கடிகாரம். பிளே தொடங்கும்போது மூன்று நொடிக்கும் குறைவாக இருந்தது எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். சொந்த மைதானத்து ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள், வெளியூரில் இரைச்சல் காரணமாக இருக்கலாம். பயிற்சியாளர் அனுப்பிய பிளேயை ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருப்பவரிடம் கடிகாரம் தீர்ந்துபோகும். தாமதத்துக்கு 5 கெஜம் அபராதம், அல்லது ஒரு டைம்-அவுட் வீண். அதைவிடப் பெரிய நட்டம், ரிசீவரைப் பக்கவாட்டில் நகர்த்தி எதிரணியின் திட்டத்தை வெளிக்கொண்டுவர நேரமே இருக்காது.

மூன்றாவது, புது ரிசீவர்களை நடத்தும் விதம். 2022 பருவத்தில் கிரீன் பே பேக்கர்ஸின் முதல் பிளேயிலேயே க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் நீளமாக எறிந்த பந்தை, யாரும் துரத்த முடியாத இடத்தில் நின்ற புதுமுகம் கிறிஸ்டியன் வாட்சன் நழுவவிட்டார். அக்டோபரில், அதிகம் தவறு செய்பவர்கள் விளையாடக்கூடாது என்ற பொருளில் ராட்ஜர்ஸ் ஒரு நேர்காணல் நிகழ்ச்சியில் வெளிப்படையாகவே பேசினார். இது முதல் பாதி. நவம்பரில் டாலஸுக்கு எதிராக அதே வாட்சனுக்கு மூன்று டச் டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) எறிந்தார் என்பது மறுபாதி. வாயை மட்டும் கேட்டு முடிவு செய்தவர் ஏமாந்திருப்பார். எறிந்த கணக்கைப் பாருங்கள்.

வழி ஒன்று: சாவியையே கொடுத்துவிடுவது

இது உரிமையாளர்களுக்குப் பிடித்த வழி, எங்களுக்குப் பிடிக்காத வழி. நட்சத்திரத்தை வாங்கி, அவருக்குப் பிடித்த ஒருங்கிணைப்பாளர் (தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் துணைப் பயிற்சியாளர்), அவருக்குப் பழகிய ரிசீவர்கள் என்று அணியையே அவரைச் சுற்றிக் கட்டுவது.

2022 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் க்வார்ட்டர்பேக் ரஸல் வில்சனுக்காக சியாட்டிலுக்கு, வருடந்தோறும் புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு, மூன்று வீரர்கள் என்று அள்ளிக் கொடுத்தது. அவர் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், செப்டம்பரில், 24 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஐந்து வருட நீட்டிப்பும் போட்டது. வில்சன் வாய்த்துடுக்கானவர் அல்லர், எல்லோரிடமும் இனிமையாகவே பேசுவார். ஆனால் பயிற்சியாளர்கள் இருக்கும் மாடியில் தனி அலுவலகம், தன் சொந்தப் பயிற்சியாளருக்கு அணிக் கட்டடத்துக்குள் அனுமதி என்று அவருக்கென ஒரு தனி ஏற்பாடு உருவானது. தலைக்கனம் சத்தம் போட்டுத்தான் வரும் என்றில்லை, விதிவிலக்காகவும் வரும். 53 பேர் கொண்ட அணியில் ஒருவருக்கு மட்டும் உள்ள கதவை மற்ற 52 பேரும் தினமும் கடந்து போகிறார்கள்.

களத்தில் என்ன நடந்தது? செப்டம்பரில் டென்வர் ரசிகர்களே கடிகாரத்தைச் சத்தமாக எண்ணிக் காட்டினார்கள், தங்கள் அணி நேரத்துக்குள் பந்தை எடுக்கட்டும் என்று. வில்சன் அந்த வருடம் 16 டச் டவுன் எறிந்தார், 11 பந்து பிடிபட்டது. தலைமைப் பயிற்சியாளர் நதானியேல் ஹாக்கெட் முதல் வருடத்தையே முடிக்கவில்லை, கிறிஸ்துமஸ் அன்று 51-14 என்று தோற்ற மறுநாள் நீக்கப்பட்டார். பழி முழுவதையும் வில்சன் மேல் போடுவதும் நியாயமில்லை. புதுப் பயிற்சியாளர், புதுத் திட்டம், புது உரிமையாளர் எல்லாம் ஒரே வருடத்தில் வந்தால் இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் வேர் ஊன்றியிருக்காது.

அதே ஹாக்கெட்டை 2023 ஜனவரியில் ஜெட்ஸ் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக்கியது. கிரீன் பேயில் அவரும் ராட்ஜர்ஸும் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். பழைய கிரீன் பே ரிசீவர்கள் ஆலன் லசார்டும் ராண்டல் காப்பும் வந்தார்கள். ஏப்ரலில் ராட்ஜர்ஸும் வந்தார். செப்டம்பர் 11 அன்று நான்காவது பிளேயில் அவருடைய குதிகால் நாண் அறுந்தது. ஆளுக்காகக் கூட்டிவந்தவர்கள் எல்லாம் மிஞ்சினார்கள், ஆள் இல்லை. இந்த வழியின் உண்மையான ஆபத்து இதுதான். நட்சத்திரத்தின் குணத்தைவிட, அவர் இல்லாத நாளில் அந்த அமைப்பு வேறு யாருக்கும் பொருந்தாது. மறு வருடம் ராட்ஜர்ஸ் முழுப் பருவமும் ஆடி 28 டச் டவுன் எறிந்தார், அணி 5-12 (5 வெற்றி, 12 தோல்வி).

வழி இரண்டு: வைத்துக்கொண்டு எல்லை போடுவது

2019ல் கிரீன் பே வந்த மாட் லஃப்ளோர் அப்போது 39 வயதுக்காரர், தலைமைப் பயிற்சியாளராக முதல் வேலை. அவருடைய திட்டம் பிளே தொடங்குமுன் ஆட்களை நகர்த்துவதையும், ஓடுவதுபோல் பாவனை காட்டி எறிவதையும் நம்பியிருந்தது. ராட்ஜர்ஸோ வரிசையில் நின்று எதிரணியைப் பார்த்தபின் தன் இஷ்டப்படி மாற்றிப் பழகியவர். இருவரும் எட்டிய இடம் நடைமுறையில் இதுதான்: ஆட்டத்தின் எலும்புக்கூடு பயிற்சியாளருடையது, குறிப்பிட்ட பார்வைகளுக்கு மட்டும் மாற்றும் உரிமை க்வார்ட்டர்பேக்குக்கு. மூன்று பருவத்தில் 39 வெற்றி, 10 தோல்வி. 2020, 2021 இரண்டிலும் ராட்ஜர்ஸ் எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்). சூப்பர் பௌலுக்கு மட்டும் போகவில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

இதைச் செய்ய விரும்பும் அணி கோடையிலேயே உட்கார்ந்து மாற்றங்களைப் பட்டியலாக்க வேண்டும். எந்தத் தடுப்பு அமைப்பைக் கண்டால் எந்த பிளே எதற்கு மாறும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாரத்துக்கு எட்டுப் பத்து என்ற அளவில் வைத்தால் சமாளிக்கலாம். முக்கியமாக, கைச்சைகை எல்லா ரிசீவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய நண்பர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சைகையால் ஒரு ஆட்டத்தில் நன்மை வரும், பருவம் முழுக்கக் கெடுதல் வரும்.

எல்லை என்பது பயிற்சியாளருக்குப் பதவிப் பாதுகாப்பு இருந்தால்தான் நிற்கும். 2023ல் டென்வருக்கு ஷான் பேட்டன் வந்ததும் வில்சனின் தனிப் பயிற்சியாளருக்குக் கதவு மூடப்பட்டது. பேட்டன் ஏற்கெனவே நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பௌல் வென்றவர், அவரால் முடிந்தது. வில்சனின் எண்களும் 26 டச் டவுன், 8 பிடிபட்ட பந்து என்று தேறின. ஆனாலும் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவரை உட்காரவைத்துவிட்டார்கள். எல்லையை முதல் வருடமே போட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். கொடுத்த சலுகையைப் பிடுங்குவது, கொடுக்காமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

ஒப்பந்தத்திலேயே ஒழுக்கத்தை எழுதிவிடலாமே என்று தோன்றும். அரிசோனா கார்டினல்ஸ் 2022 ஜூலையில் கைலர் மர்ரேயுடன் போட்ட 23.05 கோடி டாலர் ஒப்பந்தத்தில், வாரம் 4 மணி நேரம் அடுத்த ஆட்டத்துக்காகத் தனியாகப் படிக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்தது. செய்தி வெளியானது, ஊரே சிரித்தது, சில நாளிலேயே ஷரத்தை நீக்கிவிட்டார்கள். 23 கோடி கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை, நாலு மணி நேரம் படிப்பார் என்பதில் நம்பிக்கை இல்லை! அந்தக் காகிதம் வீரரையும் சிறுமைப்படுத்தியது, அணியையும் சிறுமைப்படுத்தியது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

வழி மூன்று: நன்றாக ஆடும்போதே வாரிசை எடுப்பது

நாங்கள் பரிந்துரைப்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் கிரீன் பேயை மிஞ்ச ஆள் இல்லை. 2005ல் அவர்களுடைய க்வார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் உச்சப் புகழில் இருந்தபோது டிராஃப்டில் 24வது ஆளாக ராட்ஜர்ஸை எடுத்தார்கள். மூன்று வருடம் உட்காரவைத்தார்கள். 2008 மார்ச்சில் ஃபார்வ் கண்ணீருடன் ஓய்வு அறிவித்தார், கோடையில் திரும்பி வருகிறேன் என்றார். அணி கதவைத் திறக்கவில்லை, ஆகஸ்டில் ஜெட்ஸுக்கு அனுப்பியது. அந்த வருடம் ராட்ஜர்ஸ் தலைமையில் 6-10. நகரமே கொதித்தது. இரண்டு வருடம் கழித்து அதே ராட்ஜர்ஸ் 31-25 என்று பிட்ஸ்பர்க்கை வீழ்த்தி சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். 2020ல் சரித்திரம் திரும்பியது. இம்முறை ராட்ஜர்ஸ் பழையவர். 26வது இடத்துக்கு முன்னேறி ஜார்டன் லவ்வை எடுத்தார்கள். அவரும் மூன்று வருடம் காத்திருந்தார். 2023ல் பொறுப்பேற்று 9-8, பிளே-ஆஃபில் (பருவம் முடிந்தபின் வரும் வெளியேற்றுச் சுற்றுகள்) டாலஸை அவர்கள் ஊரிலேயே 48-32 என்று தோற்கடித்தார்.

எதிர்பாராத லாபமும் உண்டு. வாரிசு வந்த வருடம் ராட்ஜர்ஸ் 48 டச் டவுன் எறிந்தார், பிடிபட்டவை ஐந்தே. புண்பட்ட கர்வம் சிலரை இப்படித்தான் ஓட்டும். ஆனால் 2021 டிராஃப்ட் நாளன்று அவர் திரும்பிவர விரும்பவில்லை என்ற செய்தி வெடித்ததும் அதே புண்ணிலிருந்துதான். 2020ல் அவரிடம் முன்கூட்டிப் பேசியிருக்கலாம் என்பதைப் பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட்டே பின்னர் ஒப்புக்கொண்டார். தேர்வை அறிவிப்பதற்குப் பத்து நிமிடம் முன் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. அனுமதி கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

வாரிசை முதல் சுற்றிலேயே எடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும்தான் ஐந்தாவது வருடத்தையும் அணியே தீர்மானிக்கும் உரிமை உண்டு. மூன்று வருடம் உட்காரவைத்தாலும் பார்த்து முடிவெடுக்க அவகாசம் மிஞ்சும். பழையவரே இளையவருக்குக் கற்றுத்தர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்குத்தான் சம்பளம் வாங்கும் க்வார்ட்டர்பேக் பயிற்சியாளர் இருக்கிறார்.

வழி நான்கு: விற்பது, அல்லது விடுவிப்பது

இங்கே பணக்கணக்கு தெரியாமல் பேசக்கூடாது. கையெழுத்து போனஸை அணி உடனே கொடுத்துவிடும், ஆனால் ஓர் அணி வருடத்துக்குச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கான உச்சவரம்புக் கணக்கில் ஐந்து வருடம் வரை பிரித்து எழுதிக்கொள்ளலாம். 5 கோடி டாலர் போனஸ் என்றால் வருடத்துக்கு 1 கோடி. இரண்டு வருடம் முடிந்து ஆளை அனுப்பினால் எழுதாமல் விட்ட 3 கோடியும் ஒரே வருடக் கணக்கில் வந்து விழும். இதைத்தான் டெட் கேப் என்கிறார்கள்: ஆடாதவனுக்கு எழுதும் சம்பளம். ஜூன் 1க்குப் பிந்தையதாகக் குறித்தால் இரண்டு வருடமாக உடைக்கலாம், அழிக்க முடியாது. வில்சனை 2024 மார்ச்சில் விடுவித்தபோது டென்வருக்கு விழுந்தது மொத்தம் சுமார் 8.5 கோடி டாலர். 2024ல் 5.3 கோடி, 2025ல் 3.2 கோடி. 2024ல் ஓர் அணியின் முழு உச்சவரம்பே 25.54 கோடிதான்.

அதே மனிதரை இரண்டு வருடம் முன்னால் விற்ற சியாட்டிலுக்கு விழுந்த டெட் கேப் 2.6 கோடி. கையில் வந்த தேர்வுகளில் சார்லஸ் கிராஸ், போயே மாஃபே, டெவான் விதர்ஸ்பூன், டெரிக் ஹால் என நான்கு பேரை எடுத்தது. மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த ஜீனோ ஸ்மித்தை வைத்து அந்த வருடமே பிளே-ஆஃபுக்கும் போனது. ஒரு வருடம் முன்கூட்டி விற்பது ஒரு வருடம் தாமதித்து விற்பதைவிட எப்போதும் மலிவு.

விற்றால் மட்டும் போதாது என்பதற்கும் டென்வரே சாட்சி. 2009ல் ஜே கட்லர், தன்னை மாற்ற அணி பேரம் பேசியதை அறிந்து புதுப் பயிற்சியாளர் ஜோஷ் மெக்டேனியல்ஸுடன் முறுக்கிக்கொண்டபோது, சிகாகோவிடம் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு, கைல் ஆர்ட்டன் என்று நல்ல விலைதான் வாங்கினார்கள். 6-0 என்று தொடங்கி 8-8ல் முடித்தார்கள். மறு வருடம் டிசம்பரில் பயிற்சியாளர் வேலை போனது. வாங்கிய சிகாகோ 2010ல் மாநாட்டு இறுதிவரை, அதாவது சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டம்வரை, போனது, அதுவும் உண்மை. அவர்கள் சறுக்கியது 2014 ஜனவரியில், 12.67 கோடி டாலருக்கு ஏழு வருடம் எழுதிக்கொடுத்தபோது. அந்தப் பருவம் 5-11. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் க்வார்ட்டர்பேக்கைப் பற்றிச் செய்தியாளரிடம் குறைசொன்னதை ஒப்புக்கொண்டு வீரர்கள் முன் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. பொது மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும் வீட்டுக்குப் போனார்கள். கட்லர் மேலும் இரண்டு பருவம் இருந்தார், ஒப்பந்தம் அப்படி.

எந்த நிலையில் எது

வயது 27க்குள், முதல் ஒப்பந்தம் ஓடுகிறது, தவறை ஒப்புக்கொள்ளப் பழகவில்லை ஆனால் உழைக்கிறார் என்றால், வைத்துக்கொண்டு எல்லை போடுங்கள். பேக்கர் மேஃபீல்டை கிளீவ்லாண்ட் கைகழுவியது, அவர் அணி அணியாக அலைந்து 2023ல் டாம்பா பேயில் 40 லட்சம் டாலர் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு வந்து பிளே-ஆஃபில் பிலடெல்ஃபியாவை 32-9 என்று வீழ்த்தினார். 2018ன் முதல் தேர்வு அவர். துடுக்குத்தனம் குறையவில்லை, விலையும் எதிர்பார்ப்பும்தான் குறைந்திருந்தன. முந்தைய அணி விட்டுவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்காதீர்கள். குறைந்த விலை, ஒரு வருடம் என்றால் எந்தத் தலைக்கனத்தையும் சோதித்துப் பார்க்கலாம்.

34 வயதைத் தாண்டியவர், எம்விபி வாங்கியவர், ஆள் சேர்ப்பதிலும் கருத்துச் சொல்ல விரும்புகிறார் என்றால், கருத்தைக் கேளுங்கள், கையெழுத்து உரிமை கொடுக்காதீர்கள், அந்த வருடமே வாரிசை எடுங்கள். தலைமைப் பயிற்சியாளர் முதல் வருடக்காரர் என்றால் வெளியிலிருந்து இப்படிப்பட்டவரை வாங்கவே வேண்டாம், டிராஃப்ட் தேர்வுகள் உங்களிடமே இருக்கட்டும். பந்து பிடிபட்டபின் ஆறு ஆட்டங்களிலும் ரிசீவரையே முறைத்தவர், முன்வரிசை ஆட்கள் தூக்கிவிட வராதவர் என்றால், கை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்குமுன் விற்றுவிடுங்கள்.

முதல் சுற்று க்வார்ட்டர்பேக்குக்கு அந்தப் பேச்சு தொடங்கும் தேதி, மூன்றாவது பருவம் முடிந்தபின் வரும் மே மாதத் தொடக்கம். ஐந்தாவது வருட உரிமையை எடுத்துக்கொண்டால் அந்தத் தொகை முழுவதும் உத்தரவாதமாகிவிடும். அதற்கு முந்தைய பிப்ரவரியிலேயே காணொளியும் கடிகாரக் கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும். மார்ச்சில் சந்தை திறந்ததும் முதல் தொலைபேசி அழைப்பு வந்துவிடும்.